பின்லாந்து காகிதமும் இந்தோனேசியக் காகிதமும்: யார் யாரை முந்தியது?

காகித ஏற்றுமதி என்று பேச்சு வந்தாலே பின்லாந்து சரிந்தது, இந்தோனேசியா வளர்ந்தது என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். டன் கணக்கில் அது சரிதான். 2006ல் பின்லாந்தின் உற்பத்தி சுமார் 1.4 கோடி டன், 2020ல் 82 லட்சம் டன் அளவுக்கு இறங்கிவிட்டது. இந்தோனேசியாவோ 1990ல் 15 லட்சம் டன்னைக்கூடத் தொடவில்லை, அடுத்த பத்தே வருடத்தில் 70 லட்சம் டன்னை நெருங்கிவிட்டது. இதை வைத்துப் பின்லாந்தை இந்தோனேசியா வீழ்த்தியது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பின்லாந்து தயாரிப்பதில் 90 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டுக்குத்தான் போகிறது, அதில் பெரும்பங்கு ஐரோப்பாவின் செய்தித்தாள்களுக்கும் பத்திரிகைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. வாசகர்கள் போனுக்கு மாறியதும் அடி அங்கேதான் விழுந்தது. 2006ல் வொய்க்கா, 2008ல் ‘சும்மா’ என்ற பெயருள்ள மில் (அந்தக் கட்டிடத்தைத்தான் கூகுள் வாங்கி டேட்டா சென்டர் ஆக்கியது), 2020 கடைசியில் கைப்போலா என்று மில்கள் வரிசையாக மூடின. கைப்போலாவோடு அந்த நாட்டில் நியூஸ்பிரிண்ட் (செய்தித்தாள் காகிதம்) தயாரிப்பே நின்றுபோனது. இதில் இந்தோனேசியாவின் கை எங்கே இருக்கிறது?

இந்தோனேசியாவின் பலம் மரம். சுமத்ராவின் ரியாவில் அகேசியா 5, 6 வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும், பின்லாந்தின் ஸ்புரூஸ் முழுசாக வளர 60 வருடத்துக்கு மேல் ஆகும். அந்த மலிவான மரக்கூழில்தான் ஏ4 பேப்பர் குவிகிறது. 2017ல் ஆஸ்திரேலியா இதற்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மிக மலிவு விலையில் இறக்குமதி வந்து குவிவதைத் தடுக்கும் வரி) போட்டது, இந்தோனேசியா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது, 2019 டிசம்பரில் முக்கியமான விஷயங்களில் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நம் ஊரிலும் 2010ல் நடைமுறைக்கு வந்த இந்தியா-ஆசியான் வர்த்தக ஒப்பந்தத்துக்கு அப்புறம் இந்த ரீம்கள், கரூரில் கரும்புச் சக்கையிலிருந்து தயாராகும் காகிதத்தோடு ஒரே கடை அலமாரியில் போட்டி போடுகின்றன.

ஆனால் அந்த மலிவு விலையில் சேராத ஒரு செலவு இருக்கிறது, எனக்கு ஆற்றாமையாக இருப்பதும் அதுதான். கரிச்சேற்று நிலத்தில் (மக்கிய செடிகொடிகள் படிந்த சதுப்பு நிலம்) கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துத் தோட்டம் போட்டால் மண்ணே காய்ந்து எரியும். 2015ல் அந்தப் புகை சிங்கப்பூர்வரை மூச்சைத் திணறடித்தது, அங்குள்ள சூப்பர்மார்க்கெட்டுகள் சில காகிதப் பொருட்களை அலமாரியிலிருந்தே எடுத்தன. இயற்கைக் காட்டைத் தொடமாட்டோம் என்று அங்குள்ள மிகப்பெரிய காகித நிறுவனம் 2013லேயே அறிவித்திருந்தும் இந்த நிலை. அதற்காகப் பின்லாந்து சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது, வெட்டு அதிகமாகி அதன் காடுகள் கார்பனை உள்வாங்கும் அளவு குறைந்துகொண்டே வருகிறது.

உண்மையான போட்டி இப்போதுதான் ஆரம்பிக்கிறது, அதுவும் அட்டையில். பின்லாந்துக்காரர்கள் அச்சுக் காகிதத்தை விட்டு மருந்துப் பெட்டி, உணவுப் பெட்டி அட்டைக்கு நகர்ந்துவிட்டார்கள். அட்டையின் நடு அடுக்கில் இயந்திரக் கூழ் (மரத்தை இயந்திரத்தில் அரைத்து எடுக்கும் கூழ்) வைப்பதால் எடை குறையும், விறைப்பு குறையாது. அதே டன்னில் அதிகப் பெட்டி வெட்டலாம் என்பதால் டன் விலையை மட்டும் பார்க்கிறவர் ஏமாந்துபோவார். ஆனால் 2022ல் ரஷ்ய மரம் வருவது நின்றதிலிருந்து அவர்களுக்கு மரச் செலவு கழுத்தை நெரிக்கிறது, ரியாவிலும் பெரிய அட்டை இயந்திரங்கள் வந்துவிட்டன. தரத்தில் என் ஓட்டு இன்னமும் பின்லாந்துக்குத்தான், ஆசியச் சந்தையின் விலையில் மட்டும் அவர்களால் நிற்க முடியாது என்று நினைக்கிறேன்.