பாலையூற்று லேத் பட்டறையின் மாலை வகுப்பு: வெளிநாடு போகிறவர்களுக்கு உதவுமா?

திருகோணமலையில் பிள்ளைகளை வெளிநாட்டு வேலைக்குத் தயார்ப்படுத்துகிறோம் என்று பலகை போட்ட இடங்களுக்குக் குறைவில்லை. இந்தப் பட்டறைக்குப் பலகையே இல்லை. பாலையூற்றுப் பக்கம் போய், வள்ளத்துத் தண்டு கடைகிற இடம் எது என்று கேட்டால் காட்டுவார்கள். பகலில் கொட்பே பக்கமிருந்து வரும் வள்ளங்களின் தண்டும் (விசிறியைச் சுழற்றும் கம்பி) தம்பலகாமத்து அரிசி ஆலைகளின் புஷ்ஷும் (தண்டு உள்ளே நின்று சுழலும் வளையம்) கடைகிறார்கள். மாலை ஐந்தரைக்கு மேல் அதே லேத்தில், அதாவது உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தில், வகுப்பு. அக்காவின் மகன் அடுத்த வருடம் ஒன்ராறியோவுக்கு வருகிறான். அவனை இங்கே சேர்த்துவிட்டு, விடுமுறைக்கு வந்திருந்த நானும் பின்வாங்கில் இருந்து பார்த்தேன். ஸ்காபரோவில் சிஎன்சி (கணினிக் கட்டளையில் ஓடும் வெட்டு இயந்திரம்) மெஷினிஸ்ட் வேலை செய்கிறவன் நான். அதனால் கொஞ்சம் குறை பிடிக்கிற கண்ணோடுதான் பார்த்தேன்.

தொடக்கத்தில் லேத்தின் சுவிட்சைத் தொட மாஸ்டர் விடமாட்டார். அளக்க மட்டும்தான். பழைய வள்ளமொன்றிலிருந்து கழற்றிய ஸ்டெயின்லெஸ் தண்டை மேசையில் கிடத்திவிட்டு, நூறில் ஒரு மில்லிமீற்றர் வரை தடிமன் அளக்கும் மைக்ரோமீற்றரைக் கையில் கொடுக்கிறார். ஒரு பையன் நடுவில் ஒரு தரம் அளந்துவிட்டு எண்ணைச் சொன்னான். "தம்பி, அது நீ பிடிச்ச இடத்திட அளவு. தண்டுட அளவைச் சொல்லு" என்றார். புஷ்ஷுக்குள் ஓடித் தேய்ந்த தண்டு சரியான வட்டமாக இருக்காது. ஒரு நுனிக்கும் மறு நுனிக்கும் தடிமனும் ஒத்துவராது. ஆகவே மூன்று இடம், ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு அளவு, ஆறு எண்ணும் கொப்பியில் ஏற வேண்டும். அளவான இறுக்கத்தில் வழுக்கிவிடும் நுனிப்பிடியான ராட்செட்டை விட்டுவிட்டு, எண் குறித்த உருளையான திம்பிளைப் பிடித்து இறுக்கினால் பக்கத்தில் நிற்பவனின் எண்ணோடு இவன் எண் சேராது. அப்போது இருவரும் மறுபடி அளக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்களாம்.

எனக்கு மிகவும் பிடித்தது சூட்டைப் பற்றிய பாடம். கடைந்த கையோடு ஒரு தண்டை அளக்க வைத்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து அதே இடத்தில் இன்னொரு தரம். எண் இறங்கியிருந்தது. 50 மில்லிமீற்றர் உருக்குத் தண்டு வழக்கத்தைவிட 30 பாகை சூடாக இருந்தால் கிட்டத்தட்ட 0.018 மில்லிமீற்றர் பருத்துக் காட்டும். நூறில் ஒரு மில்லிமீற்றரைத் தேடுகிற வேலையில் அது சின்ன வித்தியாசமல்ல. உலகம் முழுக்க அளவுகளுக்கான பொது வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் என்பதையும் அங்கேயே சொன்னார். திருகோணமலை வெயிலில் 20 பாகையை எங்கே தேடுவது என்று ஒரு பிள்ளை கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி என்னவோ சரியானதுதான்.

இதை நான் இவ்வளவு தூரம் எழுதக் காரணம் இருக்கிறது. கனடா போன புதிதில் ஏஜென்சி மூலம் எனக்குக் கிடைத்தது பிளாஸ்டிக் மூடிகளைப் பெட்டியில் அடுக்கும் இரவு வேலை. அந்தத் தொழிற்சாலையின் பின்பக்கம் அச்சுகளைத் திருத்தும் டூல் ரூம் ஒன்று இருந்தது. ஓரிரவு அங்கே ஆள் வரவில்லை. மைக்ரோமீற்றர் வாசிக்கத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று சூப்பர்வைசர் வந்து கேட்டார். கை தூக்கினேன். என் ஆங்கிலம் அப்போது அரைகுறை, ஆனால் 12.47 என்று சொல்ல அது போதும். லேத், பிறகு மில்லிங், பிறகு சிஎன்சி என்று ஏறியதெல்லாம் அதற்குப் பிறகுதான். அங்கே நேர்முகத்துக்கு வருகிறவர்களிடம் ஒரு துண்டையும் ஒரு ட்ரோயிங்கையும் கொடுத்து அளக்கச் சொல்கிற பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த வகுப்பில் படித்த பிள்ளை அந்த இடத்தில் தடுமாறாது.

இனிக் குறைகள். வகுப்பு முழுக்க மில்லிமீற்றர்தான். ஒன்ராறியோவில் அமெரிக்க வாடிக்கையாளருக்குச் செய்யும் வேலைகள் பெரும்பாலும் அங்குலத்தில் வரும். "ஐந்து தவ் எடு" என்பார்கள். ஒரு தவ் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மில்லிமீற்றர். கணக்குப் போட்டுக்கொண்டு நிற்க நேரம் இருக்காது, கையே அங்குலத்துக்குப் பழகியிருக்க வேண்டும். அங்குல மைக்ரோமீற்றர் ஒன்றாவது வாங்கி வைக்கச் சொன்னேன்.

இதைவிடப் பெரிய குறை ட்ரோயிங் பாடத்தில். ஒரு பொருளின் தோற்றங்களைத் தாளில் அடுக்கும் முறைதான் எறியம். இங்கே பழக்கத்தில் இருப்பது முதற்கோண எறியம். மேலிருந்து பார்க்கும் தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். வட அமெரிக்காவில் மூன்றாங்கோண எறியம். அதே தோற்றம் மேலே இருக்கும். பக்கத் தோற்றங்களும் இடம் மாறும். எந்த எறியம் என்று காட்டும் மூலையிலுள்ள கூம்புக் குறியைக் கவனிக்காமல் வேலையைத் தொடங்கினால் துளை மறுபக்கத்தில் விழும், துண்டு குப்பைக்குப் போகும். மாஸ்டருக்கு இரண்டும் தெரியும். பரீட்சைக்கு முதற்கோணம் போதும் என்று விட்டிருக்கிறார். நான் சொன்ன பிறகு அன்றைக்கே கரும்பலகையில் இரண்டையும் பக்கத்துப் பக்கமாக வரைந்து காட்டினார். இனியும் தொடர்வாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

சிஎன்சி இயந்திரம் கிடையாது. அதைக் குறையாக எண்ணவேண்டாம். லேத்தில் டூல் எப்படி வெட்டுகிறது, எப்போது அதிர்கிறது என்று காதுக்குத் தெரிந்தவனுக்குச் சிஎன்சியைப் பிறகு பழக்கலாம். ஜி20 அங்குலம், ஜி21 மில்லிமீற்றர் என்ற அளவுக்கு அடிப்படைக் கட்டளைகளைப் பலகையில் எழுதிக் காட்டினால் போதும். இப்போது அதுவும் இல்லை.

பாதுகாப்பில் பாதி சரி, பாதி சரியில்லை. செருப்போடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார், துண்டைக் கவ்விச் சுழலும் சக்குக்குக் கிட்டக் கையுறையோடு போனால் சத்தம் போடுகிறார். ஆனால் கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டே இரண்டு, மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். மாதம் 8,000 ரூபாய் வாங்குகிற இடத்தில் ஆளுக்கொன்று கொடுத்தால் என்ன? உங்கள் பிள்ளைக்குச் சொந்தமாக ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். பாதுகாப்புச் சப்பாத்தை மட்டும் கனடாவில் போய் வாங்கலாம். அங்குள்ள தொழிற்சாலைகளில் பச்சை முக்கோண முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பேப்பரைப் பற்றி ஏமாற வேண்டாம். இங்கே தரும் கடிதம் அரசாங்கச் சான்றிதழ் அல்ல, மாஸ்டரும் அப்படிச் சொல்வதில்லை. பட்டறைகளில் வேலை செய்த அனுபவம் இருந்தால், அதை மதிப்பிட்டு என்விகியூ (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) தரும் ஆர்பிஎல் முறை நைற்றாவிலும் (தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை) தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் உண்டு. புறப்படுவதற்கு முதல் அதை முடித்துவிடுங்கள். ஒன்ராறியோவில் ஜெனரல் மெஷினிஸ்ட் தொழிலின் இலக்கம் 429ஏ. சான்றிதழ் இல்லாமலும் அந்த வேலை செய்யலாம், ஆனால் கனடா முழுக்கச் செல்லும் ரெட் சீல் முத்திரை இருந்தால் சம்பளப் பேச்சு வேறு. பயிலுநராகப் போனால் சுமார் 8,000 மணித்தியாலம். ஊரில் செய்த வேலையைக் கணக்கில் எடுக்கச் சொல்லி விண்ணப்பித்து, நேரே பரீட்சை எழுதும் வழியும் இருக்கிறது. அதற்குப் பழைய முதலாளிகளின் கடிதங்கள் வேண்டும்: எந்த இயந்திரம், என்ன வேலை, எத்தனை மாதம் என்று விபரமாக. "நல்ல பிள்ளை, நேர்மையானவர்" என்று எழுதி வாங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

கொரிய அரசின் வேலை அனுமதித் திட்டமான இபிஎஸ் மூலம் அங்கே போக நினைப்பவர்கள் இந்த வகுப்பை இப்போதைக்கு விடலாம். அங்கே முதல் வாசல் கொரிய மொழிப் பரீட்சை. அது தேறாமல் மைக்ரோமீற்றர் தெரிந்து பயனில்லை. தேறிய பிறகு, போகும் வரை காத்திருக்கும் மாதங்களில் இங்கே வரலாம்.