யோகோஹாமாவா, கோபேயா?

ஜப்பானியத் துறைமுகம் என்றதும் பலரும் யோகோஹாமாவைத்தான் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. 1859-ல் வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்தபோது அது சுமார் நூறு வீடுகள் கொண்ட மீனவக் கிராமம். துறைமுகம் திறக்க வெளிநாடுகளோடு போட்ட ஒப்பந்தத்தில் இருந்த பெயர் கனகாவா. அது தொக்கைடோ நெடுஞ்சாலையில் இருந்த ஊர் என்பதால், அந்தப் பக்கம் அந்நியர்கள் நடமாட வேண்டாமென்று ஷோகுன் அரசு (அன்று நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரின் அரசு) இந்தக் கிராமத்தைக் கொடுத்துவிட்டது. கச்சாப் பட்டு வியாபாரம் அதைத் தூக்கிவிட்டது. 1872-ல் ஜப்பானின் முதல் ரயில் பாதையும் டோக்கியோவிலிருந்து இங்கேதான் வந்தது.

கோபே திறந்தது 1868-ல், அதாவது ஒன்பது ஆண்டு தாமதம். ஆனால் வயதில் அதுதான் மூத்தது. 12-ஆம் நூற்றாண்டிலேயே தைரா நோ கியோமோரி என்ற போர்க்குலத் தலைவர் அங்கே சீன வணிகத்துக்காகத் துறையைச் சீரமைத்தார், 1180-ல் சில மாதங்கள் தலைநகரையே அந்தப் பக்கம் கொண்டுபோனார்.

எனக்கு இரண்டையும் பிரித்துக் காட்டுவது நிலநடுக்கம்தான். 1923-ல் யோகோஹாமா தரைமட்டமானது. அங்கிருந்த இந்தியப் பட்டு வணிகர்கள் பலர் கோபேக்குப் போய்விட்டார்கள், பட்டு ஏற்றுமதியில் கோபேக்கும் பங்கு கிடைத்தது. யோகோஹாமா அந்த இடிபாடுகளைக் கடலில் கொட்டி அதன்மேல் யமாஷிதா பூங்காவை அமைத்தது. 1930-ல் திறந்த அந்தப் பூங்காவில், அன்று உதவிய நகரத்துக்கு நன்றியாக இந்தியர்கள் கட்டித் தந்த நீரூற்று மண்டபம் இன்றும் நிற்கிறது.

கோபேக்கு இடம் போதவில்லை, பின்னால் உடனே ரொக்கோ மலை. அதனால் குன்றுகளை வெட்டி, மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் கடற்கரைக்கு அனுப்பி, கடலைத் தூர்த்து 1981-க்குள் போர்ட் ஐலண்ட் என்ற தீவையே உருவாக்கினார்கள்; வெட்டிச் சமமாக்கிய இடத்தில் குடியிருப்புகள் வந்தன. இந்தத் துணிச்சல் யோகோஹாமாவிடம் இல்லை என்பேன். ஆனால் 1995 ஜனவரி 17 அதிகாலை நிலநடுக்கத்தில் அதே மண் நீராய்க் குழைந்தது, கப்பல்துறைச் சுவர்கள் கடல்பக்கம் சரிந்தன. 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவரை உலகின் முதல் பத்து கன்டெய்னர் துறைமுகங்களில் இருந்த கோபே, ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு மாற்றும் தொழிலில் பெரும்பகுதியைத் தென் கொரியாவின் புசானுக்கு இழந்தது. துறையைச் சீக்கிரமே கட்டிவிட்டார்கள், போன கப்பல்கள்தான் திரும்பவில்லை.

வளர்ச்சிக் கணக்கில் யோகோஹாமாதான் ஜெயிக்கும், சந்தேகமில்லை. இருந்தாலும் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் கோபேக்குப் போங்கள் என்பேன். மெரிக்கன் பூங்காவில் உடைந்த கப்பல்துறையின் ஒரு துண்டை, சாய்ந்த விளக்குக் கம்பங்களோடு, அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.