கொலை வழக்கில் ஜாமீன்: மாவட்ட இலவசச் சட்ட உதவி எங்களுக்கு எப்படி அமைந்தது?

என் அண்ணன் மகன் ஒரு கொலை வழக்கில் மூன்றாவது எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்கப்பட்டுச் சிறைக்குப் போன வாரத்தில், வெளியில் வழக்கறிஞர் கேட்ட கட்டணம் எங்களால் புரட்ட முடியாததாக இருந்ததால், நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தை நாடினோம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டம், 12ஆம் பிரிவில், காவலில் இருப்பவர் எவருக்கும் வருமானம் பாராமல் இந்த உதவியை உரிமையாக்கியுள்ளது. எங்களிடமும் வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. மனு கொடுத்த மூன்றாம் நாள் வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார்.

இந்தச் சேவையில் நான் பெரிதும் மதிப்பது அவருடைய நேர்மையைத்தான். ஒரே வாரத்தில் வெளியே எடுத்துவிடலாம் என்று ஊரில் பலரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றத்தில் நடுவர் நீதிமன்றத்தை நம்பியிருப்பதில் பயனில்லை என்றும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 483ஆம் பிரிவின்படி அமர்வு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்றும், அங்கும் முதல் மனு தள்ளுபடியாகலாம் என்றும் அவர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். சிறையைவிட ஜாமீனே அடிப்படை விதி என்று உச்ச நீதிமன்றம் 1977இல் கூறியது உண்மைதான். ஆனால் கொலை வழக்கில் நீதிபதி அதோடு நின்றுவிடுவதில்லை. குற்றச்சாட்டுக்கு முகாந்திரம் இருக்கிறதா, இவருடைய பங்கு என்ன, வெளியே வந்தால் சாட்சிகளை மிரட்டுவாரா, தலைமறைவாவாரா என்பதையெல்லாம் எடைபோட்டே முடிவெடுக்கிறார்.

அவர் சொன்னபடியே முதல் மனு தள்ளுபடியானது. சாட்சிகள் இருவரும் எங்கள் தெருவிலேயே குடியிருப்பவர்கள். இறந்தவரின் தாயார் நேரில் வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்; பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதிசெய்த உரிமை. அன்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. அந்தத் தாயின் அச்சத்தில் நியாயம் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது மனுவில்தான் வழக்கறிஞரின் உழைப்பு தெரிந்தது. முக்கியச் சாட்சிகளின் வாக்குமூலங்கள் பதிவாகிவிட்டதையும், தாக்கியதாகச் சொல்லப்படும் இருவரில் இவர் இல்லை என்பதையும் காட்டி, வேறு மாவட்டத்தில் உள்ள அக்காள் வீட்டில் தங்கி அங்குள்ள காவல் நிலையத்தில் தினமும் காலை 10.30 மணிக்குக் கையெழுத்திடுவார் என்ற நிபந்தனையையும் அவரே முன்வைத்தார். 74ஆம் நாள் ஜாமீன் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்வது என்பதற்கும், 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் பெறுவது உரிமையாகிவிடும், மறுநாளே மனுப் போட வேண்டும், தாக்கலான பிறகு போட்டால் அந்த உரிமை போய்விடும் என்று ஒரு தாளில் தேதியோடு எழுதிக் கொடுத்திருந்தார்.

குறை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. எங்கள் வீட்டுப் பத்திரமோ இன்னும் தாத்தா பெயரில் இருந்தது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாட்களில் வெளிவர முடியாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஆணைக்குழு ஆளை அனுப்பிப் பேசி உதவ வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் பணித்திருக்கிறது. எங்களை யாரும் அழைக்கவில்லை, சிறையில் அவனை யாரும் பார்க்கவுமில்லை. உத்தரவு கையில் இருந்தும் பதினொரு நாட்கள் உள்ளேயே கிடந்தான். கட்டணமில்லாமல் இவ்வளவு கவனமாக வாதாடிய ஒரு சேவை, கடைசி அடியில் எங்களைத் தனியே விட்டது இன்றும் வலிக்கிறது.

இருந்தாலும் இதே நிலையில் உள்ள குடும்பங்களை இங்கேதான் போகச் சொல்வேன். அழைப்பு எண் 15100. மனு தாக்கலாகும் நாளிலேயே ஜாமீன்தாரர்கள் யார் என்பதை வழக்கறிஞரோடு பேசி, அவர்களுடைய ஆதார் நகலையும் வீட்டு வரி ரசீதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.