ஹோம் லோனில் இருந்து பேரை எடுத்துத் தர்றோம்னு யாராவது சொன்னா காசு கொடுக்காதீங்க

38,000 ரூபாய். என் தங்கச்சி பணம். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனு போட்டுட்டு ஆறு மாசக் காத்திருப்புல இருக்கா. 'விவாகரத்து செட்டில்மென்ட் எல்லாம் நாங்க பாத்துக்கறோம்'னு விளம்பரம் போடுற ஒரு ஆன்லைன் சட்ட உதவித் தளம் அதை முழுங்கிடுச்சு.

ஃபிளாட் மேல ரெண்டு பேர் பேர்லயும் லோன். ஃபிளாட்டும் இஎம்ஐயும் அவ புருஷனுக்குன்னு ஒப்பந்தம். தளத்துக்காரங்க சொன்னது: "டிகிரி (கோர்ட்டோட விவாகரத்து ஆணை) வந்ததும் பேங்க்ல உங்க பேரைத் தூக்கிடலாம் மேடம், சிபில் (கடன் வரலாற்று மதிப்பெண்) கிளீன் ஆயிடும்." அவ தயங்கினா. உடனே 'ஃபைல் நம்பர்' போட்ட ஒரு லெட்டர் வந்துச்சு, அதுல அவ லோன் கணக்கோட கடைசி நாலு எண். அந்த ஸ்டேட்மென்ட்டை அனுப்பினதே அவதான்! அதைப் பாத்துதான் நம்பி 38,000 அனுப்பினா.

அப்புறம் "பிராசஸ்ல இருக்கு மேடம்". அடுத்து "உங்க மேனேஜர் மாறிட்டார், புதுசா டிக்கெட் போடுங்க". கடைசியா "ஃபைல் ஓப்பன் பண்ணியாச்சு, ரீஃபண்ட் கிடையாது". கிளையில விசாரிச்சா அப்படி ஒரு ஃபைலே இல்ல.

இருக்கவும் முடியாது. விவாகரத்து டிகிரி அந்த ரெண்டு பேரைத்தான் கட்டுப்படுத்தும், பேங்கை இல்ல. அவன் சம்பளம் மட்டும் கடனைத் தாங்குமான்னு பேங்க் புதுசாப் பாக்கும். தாங்கலைன்னா வேற இணைக் கடனாளி கேக்கும், இல்ல ஒரு பகுதியைக் கட்டச் சொல்லும். இல்லாட்டி அவன் தன் பேர்ல மட்டும் வேற பேங்குக்கு லோனை மாத்தணும். ஃபிளாட்ல அவ பங்கை அவனுக்கு விட்டுக்கொடுக்கற விடுதலைப் பத்திரம் தனியா, சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியணும். அடமானத்துல இருக்கறதால அதுக்கும் பேங்க் சம்மதம் வேணும். எல்லாத்துக்கும் அவன் கையெழுத்தும் சம்பளச் சீட்டும் தேவை. இந்த மகாராசனுங்க கடைசி வரைக்கும் அதைக் கேக்கவே இல்ல.

38,000-ஐ விட எரியுறது, "டிகிரி வரட்டும்"னு காத்திருக்கச் சொன்னதுதான். செகண்ட் மோஷன்ல, அதாவது காத்திருப்பு முடிஞ்சு கோர்ட்ல ரெண்டாவது தடவை, ரெண்டு பேரும் சம்மதம் சொல்ற வரைக்கும்தான் பிடி நம்ம கையில. லோன் அவன் பேருக்கு மட்டும் மாறிடுச்சுன்னு பேங்க் கடிதம் வந்தப்புறம்தான் செகண்ட் மோஷன்னு ஒப்பந்தத்திலயே எழுதணும். டிகிரிக்கு அப்புறம் அவன் ஒரு இஎம்ஐ விட்டாலும் அவ சிபில்லயும் விழும்.

நிறைய எழுதலாம்னு உக்காந்தேன், ஆத்திரத்துல வரல. அவசரமா சிலது:

பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க (15100). 'யாராவது ஒருவர்' எடுக்கலாம்னு இருக்கற ஜாயின்ட் கணக்கை எழுத்துமூலமா நிறுத்தச் சொல்லுங்க. நாமினி தானா மாறாது. எல்ஐசி, பேங்க், பிஎஃப் ஒவ்வொண்ணாப் பாருங்க. ஏமாந்தவங்க 1915-க்கு (தேசிய நுகர்வோர் உதவி எண்) போடுங்க; மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல. வாட்ஸ்அப் சாட்டை அழிச்சிடாதீங்க.