சூட்டில் ஸ்டார்ட் ஆகாத கார்: பெட்ரோல் போதவில்லையா, மிஞ்சிவிட்டதா?

மே மாத மதியம். திருச்சியிலிருந்து சென்னைக்கு வரும் வழியில், மேல்மருவத்தூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தினேன். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் மட்டும் பிடிக்க மறுக்கிறது. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். முக்கால் மணி நேரத்தில் எதுவும் நடக்காததுபோல ஒரே திருப்பில் எழுந்துகொண்டது. மறுநாள் காலை வீட்டு வாசலிலும் அப்படியே, முதல் அடியில் ஸ்டார்ட்.

அந்த வாரம் இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டினேன். "பம்ப் வீக் சார், மாத்திடலாம்" என்றார் ஒருவர். "கிராங்க் சென்சார்தாண்ணே, சூடானா கட் ஆகும்" என்றார் இன்னொருவர். (இன்ஜின் சுற்றுவதைக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் அது.) இருவருமே அனுபவசாலிகள், இருவர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான். ஆனால் எந்தச் சோதனையும் செய்யாமல் சொன்னார்கள். இந்தக் கோளாறில் பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். ஒரே அறிகுறிக்கு நேரெதிரான இரண்டு காரணங்கள் இருக்கின்றன. எது என்று பிரித்துப் பார்க்காமல் பாகம் வாங்கினால் காசைச் சுண்டிப் போட்டுப் பார்ப்பதுபோலத்தான். (இங்கே பேசுவது பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களைப் பற்றி மட்டும். டீசல் தனிக் கதை.)

முதலில் காதால் ஒரு பிரிப்பு. செல்ஃப் இழுத்து இழுத்து, மெதுவாகச் சுற்றுகிறதா? அல்லது 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறதா? அப்படியானால் பெட்ரோலையோ சென்சாரையோ தொடவே வேண்டாம். செம்புக் கம்பியின் மின்தடை சூட்டில் ஏறும், 60 டிகிரி கூடினால் ஏறக்குறைய கால் பங்கு அதிகமாகும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் சூட்டில் திணற அதுவே போதும். அதோடு துருப்பிடித்த எர்த் வயரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது, வயர் முனையில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து செல்ஃப் அடியுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள். பேட்டரி முனையில் வோல்ட் நன்றாக இருந்தும் மோட்டார் திணறினால் வயரையும் ஸ்டார்ட்டரையும் பாருங்கள். புது பேட்டரி வாங்குவதற்கு முன் எர்த் முனையைக் கழற்றித் தேய்த்துப் போடுவது புத்திசாலித்தனம்.

செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால்தான் உண்மையான விசாரணை ஆரம்பிக்கிறது.

நிறுத்திய இன்ஜின் உடனே குளிர்வதில்லை. ஓடும்போது தண்ணீர் சுற்றுகிறது, முன்னாலிருந்து காற்று அடிக்கிறது. நிறுத்தியதும் இரண்டும் நின்றுபோகும். உள்ளே இருக்கும் சூடு மேலே ஏறி, பத்து முதல் முப்பது நிமிடம் வரை பானெட்டுக்கு அடியில் வெப்பம் கூடவே செய்யும். டீக்கடையில் நாம் உட்காருகிற நேரமும் அதுதான். உடனே திருப்பினால் ஸ்டார்ட், இருபது நிமிடத்தில் மக்கர், ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி ஸ்டார்ட் என்று இருந்தால், அந்தச் சூட்டில் எதுவோ மாட்டிக்கொள்கிறது என்று பொருள்.

முதல் கட்சி, பெட்ரோல் போதவில்லை. பெட்ரோல் 40 டிகிரிக்கு முன்பே கொதிக்கத் தொடங்கும் பொருள். டேங்கிலிருந்து இன்ஜினுக்கு வரும் குழாயில், அதாவது லைனில், சுமார் 3 பார் அழுத்தம் இருப்பதால்தான் அந்தச் சூட்டிலும் திரவமாகவே நிற்கிறது. இன்ஜினை நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்காமல் பிடித்து வைப்பது டேங்குக்குள் இருக்கும் பம்பின் செக் வால்வு, பெட்ரோலைத் திரும்பிப் போகவிடாத ஒருவழி வால்வு. அது கசிந்தால் அழுத்தம் போய், லைனில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பிறகு இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டிய இன்ஜெக்டர், பெட்ரோலுக்குப் பதில் ஆவியைத்தான் தும்மும்.

பழைய அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இன்ஜினோடு ஒட்டிய பம்ப் பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுவிட்டு ஓட்டுநர் நிழலில் உட்கார்ந்துவிடுவார். அது சரியான வைத்தியம். ஆனால் அந்த 'வேப்பர் லாக்' (ஆவி அடைப்பு) என்ற பெயரை இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களுக்கும் அப்படியே சூட்டுவது தவறு. பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கி நின்று தள்ளும் வண்டியில் அந்தப் பழைய அடைப்பு அரிது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி அழுத்தம் நிற்கிறதா என்பது.

எதிர்க்கட்சி, பெட்ரோல் மிஞ்சிவிட்டது. சூடான இன்ஜினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கொடுப்பதுபோல அதற்கும் கொட்டினால் பிளக் நனைந்து தீப்பொறி வேலை செய்யாது. இன்ஜின் தண்ணீரின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சார் தப்பாகச் சொல்வது, இன்ஜெக்டர் சொட்டுவது, டேங்க் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்பது ஆகிய மூன்றும் இந்தப் பக்கம்.

இரண்டையும் பிரிக்க ஒரு பைசா செலவில்லாத இரண்டு சோதனைகள் உண்டு. கார் மக்கர் செய்யும் அந்த நேரத்திலேயே செய்ய வேண்டும், ஒர்க்‌ஷாப்பில் குளிர்ந்த பிறகு பயனில்லை. ஒன்று, செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, இரண்டு மூன்று விநாடி பம்ப் ஓடும் 'ஊம்' சத்தம் அடங்கும்வரை பொறுத்து ஆஃப் செய்யுங்கள். இதையே மூன்று முறை செய்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், செக் வால்வு முதல் சந்தேகம். மற்றது, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் தரை வரை அழுத்திப் பிடித்துக்கொண்டே செல்ஃப் அடிப்பது. பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் அந்த நிலையில் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடும். சில விநாடிகளில் இருமிக்கொண்டு, பெட்ரோல் வாசனையோடு எழுந்தால் பெட்ரோல் மிஞ்சியதுதான் காரணம். எழுந்ததும் காலை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இன்ஜின் அலறும்.

இரண்டில் எனக்கு இரண்டாவதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். முதலாவது சில நேரம் ஏமாற்றும். சொட்டும் இன்ஜெக்டர் லைன் அழுத்தத்தையும் இறக்கும், சிலிண்டரையும் நனைக்கும். அதனால் அது இரண்டு சோதனைக்கும் அரைகுறையாக 'ஆமாம்' சொல்லும்.

என் காரில் சாவியை எத்தனை முறை திருப்பியும் பயனில்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் எழுந்தது. ஆக, பம்ப் மாற்றச் சொன்னவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. கிராங்க் சென்சாரும் தப்பித்தது. அது செத்திருந்தால் எப்படி அழுத்தினாலும் எழுந்திருக்காது. காரின் கம்ப்யூட்டரில் ஓடும் எண்களைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருந்த மூன்றாவது ஒருவர், இன்ஜின் நல்ல சூட்டில் ஓடும்போது கூலன்ட் வெப்பத்தைப் படித்தார். 38 டிகிரி. டாஷ்போர்டு முள்ளோ நடுவில் நிற்கிறது. இந்த வண்டியில் முள்ளுக்கும் ரேடியேட்டர் ஃபேனுக்கும் தனித்தனி சென்சார், அதனால் அவை ஒழுங்காகவே இருந்தன. கம்ப்யூட்டருக்குப் போகும் சென்சாரின் கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

இதில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. பல கார்களில் இந்த சென்சார் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் காட்டும். களிம்பு பிடித்த கனெக்டர் 1,000 ஓம் கூட்டுகிறது என்று வையுங்கள். காலையில் 30 டிகிரியில் 1,700 ஓம் 2,700 ஆகிறது. கம்ப்யூட்டர் அதை 18 டிகிரி என்று படிக்கும். பெரிய பிழை இல்லை, முதல் அடியில் ஸ்டார்ட். சூட்டில் 300 என்பது 1,300 ஆகிறது. 80 டிகிரியை 36 என்று படித்துவிடும். ஒரே கோளாறு குளிரில் மறைந்து சூட்டில் மட்டும் பேசுவது இப்படித்தான். 36 டிகிரி என்பது நடக்கக்கூடிய எண் என்பதால் செக் இன்ஜின் விளக்கும் பல நேரம் எரியாது. 'எரர் எதுவும் இல்லை சார்' என்ற பதிலோடு ஸ்கேனரை மூடிவிடாமல், ஓடும் எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். மைலேஜ் திடீரென இறங்கியிருந்தால் இந்தப் பக்கம் சந்தேகம் இன்னும் கூடட்டும்.

பர்ஜ் வால்வுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பிய கையோடு ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும், மற்ற இடங்களில் பெரிதாகத் தெரியாது. கழற்றி வாயால் ஊதிப் பார்க்கலாம். மின்சாரம் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும், காற்று போனால் மாற்றிவிடுங்கள்.

கிராங்க் சென்சார் இரண்டு கட்சியிலும் சேராது. உள்ளே மெல்லிய கம்பிச் சுருள் கொண்ட வகையில் சூட்டில் கம்பி விலகும், குளிர்ந்தால் ஒட்டும். இன்ஜின் எங்கே சுற்றுகிறது என்றே தெரியாததால் கம்ப்யூட்டர் தீப்பொறியையும் பெட்ரோலையும் சேர்த்தே நிறுத்திவிடும். பெட்ரோல் வாசனை வராது, ஓடும்போதே வண்டி சட்டென அணைந்த அனுபவமும் இருக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) 200, 250 என்று வர வேண்டும். சுழியத்தில் நின்றால் சென்சார், இல்லையென்றால் அதன் வயர். மக்கர் செய்யும் நேரத்தில் சென்சாரின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றி, உடனே ஸ்டார்ட் ஆனால் வேறு சாட்சி தேவையில்லை.

செக் வால்வா, இன்ஜெக்டரா என்ற கேள்வி மட்டும் ஸ்கேனருக்குத் தெரியாது. சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்கள் பலவற்றில் லைன் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே இல்லை. அங்கே பிரஷர் கேஜ்தான் நடுவர். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் லைனை சூடான இன்ஜின் மேல் கழற்றுவது தீ விளையாட்டு, அதை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள். கேஜ் மாட்டி, இன்ஜினை நிறுத்தியதும் டேங்கிலிருந்து வரும் குழாயை இறுக்கி மூடச் சொல்லுங்கள். மூடிய பிறகு முள் நின்றால் கசிவு பம்ப் பக்கம். மூடியும் இறங்கிக்கொண்டே போனால் இன்ஜெக்டர்தான் முதல் சந்தேகம். அப்போது பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தால், நனைந்து கறுத்திருப்பது எந்த சிலிண்டரோ அதன் இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் போதும்.