காண்டாக்ட் ஃபார்ம் 7: ஃபிரம், ரிப்ளை-டு, நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

வேர்ட்பிரஸ் தளத்துக்குத் தொடர்புப் படிவம் வேண்டுமென்றால் காண்டாக்ட் ஃபார்ம் 7 ப்ளக்-இன் தாராளமாகப் போதும். இலவசம், எடை குறைவு. ஆனால் 'படிவம் போகிறது, மெயில் வரவில்லை' என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் அதன் மெயில் டேப்பில் உள்ள, அனுப்புநரைக் காட்டும் ஃபிரம் வரிதான்.

எழுதியவர் யார் என்று இன்பாக்ஸிலேயே தெரியட்டும் என்று அங்கே பார்வையாளரின் முகவரியைப் போட்டுவிடுகிறார்கள். மெயிலை அனுப்புவதோ உங்கள் ஹோஸ்டிங் சர்வர். யாகூ முகவரியைச் சொல்லிக்கொண்டு யாகூவுக்குச் சம்பந்தமில்லாத சர்வரிலிருந்து ஒரு கடிதம் வந்தால் பெறும் பக்கம் அதை நம்பாது. 2014 ஏப்ரலிலேயே யாகூ தன் டிமார்க் கொள்கையை (தன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்வது என்று பெறும் சர்வர்களுக்கு ஒரு டொமைன் சொல்லும் விதி) 'நிராகரி' என்று மாற்றிவிட்டது. அத்தகைய மெயில் ஸ்பேமுக்குக்கூடப் போகாமல் வாசலிலேயே திருப்பப்படலாம்.

ஃபிரம் வரியில் தளத்தின் பெயரும், அதே டொமைனில் உண்மையாகவே இருக்கும் ஒரு முகவரியும் வரட்டும். ப்ளக்-இன் தானாகப் போட்டுவைக்கும் வேர்ட்பிரஸ்@ முகவரிக்குப் பெரும்பாலும் அஞ்சல்பெட்டியே இருக்காது, அதை மாற்றிவிடுங்கள். பார்வையாளரின் முகவரிக்கு உரிய இடம் 'கூடுதல் ஹெடர்கள்' கட்டம். அங்கே ரிப்ளை-டு (பதில் போக வேண்டிய முகவரி) என ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, மின்னஞ்சல் புலத்தின் டேக்கை (சதுர அடைப்புக்குறிக்குள் வரும் அந்தப் புலத்தின் பெயர்) சேர்த்தால், 'பதில்' அழுத்தியதும் கடிதம் நேராக அவருக்குப் போகும். அந்தப் புலத்துக்கு நட்சத்திரக் குறி போட்டுக் கட்டாயமாக்குங்கள். காலியாக விட்டால் பதில் உங்களுக்கே திரும்பும். பெயர் கண்ணில் பட வேண்டுமென்றால் பெயர் டேக்கைத் தலைப்பு வரியில் வைக்கலாம்.

மெயில் 2, அதாவது பார்வையாளருக்குப் போகும் தானியங்கிப் பதிலில், திசை மாறும்: பெறுநர் அவர், ரிப்ளை-டு உங்கள் அலுவலக முகவரி. அவர் எழுதிய செய்தியை அதில் திருப்பிக் காட்டாதீர்கள். யாரோ ஒருவரின் முகவரியைக் கொடுத்து, விளம்பரத்தை உங்கள் டொமைன் வழியே அனுப்ப ஸ்பேமர்களுக்கு அது வசதி.

மெயில் டேப்பின் டெம்ப்ளேட் சரியாக இருந்தும் ஃபிரம் மாறுகிறதா? மெயிலை ஒரு அஞ்சல் கணக்கு வழியே அனுப்ப உதவும் எஸ்எம்டிபி ப்ளக்-இன்னில் 'ஃபோர்ஸ் ஃபிரம்' டிக் ஆகியிருக்கும். அது டெம்ப்ளேட்டில் எழுதியதை மேலெழுதிவிடும். ஜிமெயில் எஸ்எம்டிபியும், அந்தக் கணக்கில் 'சென்ட் மெயில் அஸ்' பகுதியில் சேர்க்காத முகவரியைத் தன் முகவரியாக மாற்றிவிடும்.

பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு டொமைனுக்காக அனுப்ப அந்தச் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதிப்பது ஃபிரம் வரியை அல்ல, ரிட்டர்ன்-பாத் (போய்ச் சேராத மெயில் திரும்பும் முகவரி) டொமைனை. அது ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் எஸ்பிஎஃப் பாஸ் ஆகும், ஆனால் ஃபிரம் டொமைனோடு பொருந்தாததால் டிமார்க்குக்கு அது கணக்கில் வராது. டொமைனின் சொந்த அஞ்சல்பெட்டி வழியே, டிகிம் கையொப்பத்துடன் (மெயில் அந்த டொமைனுடையதே என்று காட்டும் மின்-கையொப்பம்) அனுப்புவதே தீர்வு. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், சிறிய அளவில் அனுப்புவோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கேட்கிறது. ஒரு ஜிமெயில் முகவரிக்குச் சோதனை மெயில் அனுப்பி, 'ஷோ ஒரிஜினல்' திறந்தால் இவற்றின் முடிவுகள் மேலேயே இருக்கும்.

ப்ளக்-இன்னில் மிகப் பிடித்தது அதன் அமைப்புச் சரிபார்ப்பான்: ஃபிரம் முகவரி தளத்தின் டொமைனைச் சேராவிட்டால் சேமிக்கும்போதே எச்சரிக்கும். பிடிக்காதது, பச்சை நிற 'நன்றி' செய்தி. சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டது என்பதைத் தாண்டி அதற்குப் பொருளில்லை. வந்த செய்திகளை ப்ளக்-இன் சேமிப்பதும் இல்லை. அதே ஆசிரியரின் ஃப்ளமிங்கோ ப்ளக்-இன்னை நிறுவினால் அவை தரவுத்தளத்தில் தங்கும். படிவத்தை வெளியிடும் அன்றே நிறுவிவிடுவது நல்லது.