என்விடிஏ: நெடுநாள் பழகியவன் சொல்வது

பார்வையற்ற தமிழாசிரியன் நான். வினாத்தாள் தயாரிப்பதிலிருந்து மின்கட்டணம் கட்டுவதுவரை எனக்கு எல்லாமே என்விடிஏ திரைவாசிப்பான்தான். கணினித் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் திரைவாசிப்பான் வாங்குவது எங்களுக்கு எட்டாத விலை. சோதனைப் பதிப்பை வைத்து ஒப்பேற்றுவோம். 40 நிமிடம் பேசும். பிறகு கணினியை அணைத்துத் திரும்பப் போட வேண்டும். பாதிக் கட்டுரையில் வாயடைத்துப் போகும்.

ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் என்விடிஏவை எழுதத் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டெவும் சேர்ந்துகொள்ள, 2007-ல் என்வி ஆக்சஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு உருவானது. மென்பொருள் இலவசம், மூலநிரலும் திறந்தது. பென்டிரைவில் போட்டு எடுத்துப்போய் எந்த விண்டோஸ் கணினியிலும் ஓட்டலாம். வலைப்பக்கத்தில் ‘எச்’ தட்டினால் தலைப்பு தலைப்பாகத் தாவும், ‘கே’ தட்டினால் இணைப்புகள். பயன்படுத்துகிறவர்களே எழுதியது என்பது ஒவ்வொரு விசையிலும் தெரிகிறது.

கூடவே வரும் இ-ஸ்பீக் என்ற பேச்சுப்பொறி தமிழும் பேசும். மனிதர் பேசிப் பதிந்த குரலல்ல, கணக்குப் போட்டு உருவாக்கும் ஒலி. அதனால் கரகரவென்றுதான் இருக்கும். ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் சொற்கள் குழையாது. எனக்கு அதுதான் முக்கியம்.

சிக்கல் எழுத்துப்பிழை திருத்தும்போதுதான். ஓடுகிற வேகத்தில் அரமும் அறமும் ஒன்றாகவே காதில் விழும். சந்தேகம் வந்தால் அந்த எழுத்தில் நின்று, எண்பலகையின் 2-ஐ மூன்றுமுறை தட்டுவேன். யூனிகோட் எண்ணை, அதாவது கணினியில் அந்த எழுத்துக்கு உரிய பொது எண்ணை, சொல்லும்: 2992 என்றால் இடையின ர, 2993 என்றால் வல்லின ற. வினாத்தாள் பிழையோடு போக எனக்கு மனம் வராது.

என்விடிஏவால் தீர்க்க முடியாதது வேறொன்று. பாமினி பழைய எழுத்துரு; ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் போட்டுக் காட்டும். அதில் தட்டச்சிட்ட கோப்பில் ‘அம்மா’ என்றிருந்தால், எழுத்தெழுத்தாகப் போகும்போது எனக்குக் கேட்பது “எம், கே, செமி, கே, எச்”. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இன்னமும் இப்படிக் கோப்புகள் வருகின்றன. ஸ்கேன் செய்த சுற்றறிக்கை அதைவிட மோசம். படமாக இருப்பதால் வாசிக்க ஒரு சொல்லும் இல்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் போட்டுப் பார்ப்பேன், அட்டவணை இருந்தால் கலைந்துபோகும். தட்டச்சு செய்த கோப்பு அனுப்புகிறவரின் கணினியிலேயே இருக்கும். அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து அனுப்பும்போது அந்த வேர்டு கோப்பையும் யூனிகோடில் சேர்த்து இணைத்துவிடுங்கள்.